நாற்பதுக்கு இருபது, நூற்றுக்கு எவ்வளவு?

நான் சிவப்புப் பேனாவால் போட்ட ஒரு டிக், ஒரு மீன்காரம்மாவின் உயிரை எடுக்கப் பார்த்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கணக்கு டீச்சர் நான். விடையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வழிமுறைக்கு வருகிறேன். என் பிள்ளைகள் இப்படி எழுதினால் மார்க்கைக் குறைத்துவிடுவேன், அது வேறு விஷயம்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு மாடியில்தான் டியூஷன். காலை ஆறு மணிக்கு ஒன்பதாவதும் பத்தாவதும் வரும். சாயந்திரம் ஐந்து மணிக்கு ஏழாவதும் எட்டாவதும். நடுவில் சமையல், துணி, நோட்டுத் திருத்தல். "உனக்குக் கால்ல வெந்நிய ஊத்திட்டாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாள் கிடையாது. மாடியில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் என் கைப்பைதான் உட்காரும். ஒரு பிள்ளை யோசிக்கிறது என்றால் அது யோசித்து முடிக்கும்வரை நிற்க என்னால் ஆகாது. அதற்குள் அடுத்த பெஞ்சுக்குப் போய் அங்கே இரண்டு பேரைத் திட்டிவிட்டு வந்துவிடுவேன். ஏழரைக்குள் அன்றைய பயிற்சி முடிந்தாக வேண்டும். பள்ளிக்கூட பஸ் எனக்காகக் காத்திருக்குமா?

இந்த அவசரத்துக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. வாக்கியக் கணக்கு என்றாலே பிள்ளைகளுக்குக் குலை நடுங்கும். ஒரு எண் கண்ணில் படுவதற்குள் நான்கு வரிக் கதை. அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன். "பென்சில எடு. கதைய அடி. எண்ண மட்டும் வை." பன்னிரண்டு ஆட்கள் ஒரு சுவரை எட்டு நாளில் கட்டினால், பதினாறு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்? ஆட்களை அடி. சுவரை அடி. மிச்சம் 12, 8, 16. ஆள் கூடினால் நாள் குறையும், அதனால் பெருக்கி வகு. தொண்ணூற்றாறைப் பதினாறால் வகுத்தால் ஆறு. முடிந்தது. "சுவரு நமக்கு எதுக்கு? நாம என்னா வீடா கட்டப் போறோம்?" என்பேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் அதே குரலில் சொல்லிக்காட்டிச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். சிரிக்கட்டும், மார்க் வந்ததே!

அந்தப் பெண் மட்டும் சிரிக்க மாட்டாள். பத்தாவது படித்தாள். வைத்திக்குப்பத்துப் பிள்ளை. அவள் அம்மா நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். விடியற்காலையில் மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வரும்போதே மகளையும் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அப்பா கடலுக்குப் போனால் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

அவளுக்குக் கதையை அடிக்க மனசே வராது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்குக் காய்ச்ச வந்துச்சுனா?" என்று கேட்பாள். தொட்டியில் ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொன்று காலி செய்கிறது என்றால், "ஏன் மிஸ் அத மூடாம வுட்டுட்டாங்க?" வகுப்பே கொல்லென்று சிரிக்கும். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். "அம்மாடி, நீ கலெக்டரானதும் போய் மூடு. இப்ப கதைய அடி." அவள் முகம் சுருங்கிவிடும். ஆனாலும் பணிந்து, ஒவ்வொரு வார்த்தையையும் அழகாக ஒரே கோட்டில் அடிப்பாள். அந்தக் கோடுகூட ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருக்கும்.

இதெல்லாம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை நான் வழக்கத்தைவிடப் பரபரப்பாக இருந்தேன். பள்ளியில் நாற்பது மார்க் தேர்வுத்தாளைத் திருத்திக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்த மறுநாள் எனக்கு வேறு பிழைப்பே இருக்காது. வீட்டில் அம்மா அப்பா கேட்பது நூற்றுக்கு எவ்வளவு என்றுதானே? "மிஸ், நாப்பதுக்கு முப்பத்திரண்டு, நூத்துக்கு எவ்ளோ?" எண்பது. "மிஸ், இருவத்தாறு?" அறுபத்தைந்து. இரண்டரையால் பெருக்கு, இரண்டரையால் பெருக்கு என்று நடந்துகொண்டே கத்திக்கொண்டிருந்தேன். ஏழு இருபத்தைந்துக்கு அவள் ரஃப் நோட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், ஒரு டவுட்டு. எங்கம்மாக்கு..."

"கத வேணாம். கணக்க மட்டும் சொல்லு."

நோட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நாப்பதுக்கு இருவதுனா நூத்துக்கு எவ்ளோ மிஸ்? நான் அம்பதுனு போட்டிருக்கேன்."

"அம்பதுதான். இதுக்கு ஒரு டவுட்டா? பாதிக்குப் பாதி." நோட்டைப் பிடுங்கி, பக்கத்தின் அடியில் இருந்த ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். பெரிய டிக். பத்தாவது படிக்கிற பெண் இருபது மார்க் வாங்கியிருக்கிறாளே என்ற கோபமும் அந்த டிக்கில் இருந்தது. "திருத்தணும், நோட்ட வெச்சிட்டுப் போ" என்றேன். வைத்துவிட்டுப் போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் அதற்குள் அடுத்த பெஞ்சில் இருந்தேன்.

பகலெல்லாம் அந்த நோட்டு மாடியிலேயே கிடந்தது. சாயந்திரம் ஏழாவது வகுப்புக்குப் பின்னக் கணக்கைக் கொடுத்துவிட்டு, சும்மா நிற்க முடியாமல் காலை நோட்டுகளை நின்றபடியே புரட்ட ஆரம்பித்தேன். மணி ஐந்தே முக்கால் தாண்டியிருந்தது. அவள் நோட்டின் கடைசிப் பக்கம் வந்தது. அடியில் என் டிக். மேலே ஆறேழு வரி எழுதி, எல்லாவற்றையும் பென்சிலால் அடித்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே அடித்திருந்தாள். எண்களை மட்டும் வட்டம் போட்டு மிச்சம் வைத்திருந்தாள்.

பென்சில் கோட்டுக்குக் கீழே எழுத்து தெளிவாகத் தெரிந்தது. படித்தேன்.

"அம்மாவின் சர்க்கரை ஊசி. பழைய சிரிஞ்சில் 40 கோடு உள்ளது. அம்மா பாதிவரை, அதாவது 20 வரை இழுப்பாங்க. கோரிமேடு ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றிவிட்டார்கள். புது பாட்டிலில் 100 என்று உள்ளது. புது சிரிஞ்சில் 100 கோடு உள்ளது. ஆனால் சீட்டில் 20 என்றே உள்ளது. அம்மா பாதிவரை என்கிறாங்க. எது சரி? இன்று சாயந்திரம் முதல் புது ஊசி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் அரை நிமிடம் எனக்கும் பிடிபடவில்லை. நாற்பதுக்கு இருபது என்றால் நூற்றுக்கு ஐம்பதுதானே? மூளை அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. இரண்டரையால் பெருக்கு, இரண்டரையால் பெருக்கு. என் வீட்டுக்காரரும் சர்க்கரைக்காரர்தான். பேனா மாதிரி இருக்கும் அவருடைய ஊசியில் பதினெட்டு என்று திருகினால் பதினெட்டுதான் போகும். அங்கே நான் எதையாவது பெருக்குகிறேனா? அந்த நோட்டின் ஓரத்திலேயே எழுதிப் பார்த்தேன். பழைய பாட்டிலில் ஒரு மில்லியில் நாற்பது யூனிட் மருந்து. இருபது யூனிட் வேண்டும் என்றால் அரை மில்லி, பாதி சிரிஞ்சு. சரி. புது பாட்டிலில் ஒரு மில்லியில் நூறு யூனிட். அதே அரை மில்லி இழுத்தால் ஐம்பது யூனிட். இருபது போக வேண்டிய உடம்பில் ஐம்பது! இருபது யூனிட்டுக்கு இருபதாவது கோடு போதும், ஐந்தில் ஒரு பங்கு சிரிஞ்சு. மருந்து கெட்டி, அதனால் குறைவாக இழுத்தால் போதும். சிரிஞ்சு செய்தவன் கோடுகளை அதற்குத் தக்கபடிதானே போட்டிருக்கிறான். இதில் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சந்தேகமும் சரியாகத்தான் வந்திருந்தது. நான்தான் அதன்மேல் டிக் போட்டேன்.

அடக் கடவுளே!

பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கத்திவிட்டு மாடிப்படியில் இறங்கியபடியே அந்த அம்மாவின் நம்பருக்குப் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மீன்கூடைப் பையிலேயே போனைப் போட்டுவைக்கிற ஆள் அவர், எனக்குத் தெரியும். கீழே என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். எனக்குக் கை கால் ஓடவில்லை, அவருக்கு ஓடியது. அலமாரியிலிருந்து தன்னுடைய குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து என் கையில் திணித்தார். "நான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். நீ கெளம்பு. ஊசி போட்டிருந்தா இத கரைச்சிக் குடுத்துட்டு, ஒடனே ஆஸ்பத்திரி. பாத்து ஓட்டு."

பாத்து ஓட்டு! ஸ்கூட்டியை எடுத்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. தூரம் நாலு கிலோமீட்டர். வேகம் மணிக்கு முப்பது. அப்படியென்றால் எட்டு நிமிடம். இதை வருஷா வருஷம் போர்டில் போடுகிறேன். நெல்லித்தோப்பு சிக்னலிலேயே நாலு நிமிடம் போனது. வெள்ளிக்கிழமை சாயந்திரம். வெளியூர் வண்டிகள் எல்லாம் கடற்கரை பார்க்க ஒரே நேரத்தில் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தன. எனக்கு முன்னால் வாடகை பைக்கில் இரண்டு பையன்கள் போனில் வழி பார்த்துக்கொண்டு ஊர்ந்தார்கள். ஹாரனை அழுத்தினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். கதையை அடி என்று சொன்னேனே, இந்தக் கூட்டத்தை எந்தப் பென்சிலால் அடிப்பது? பட்டேல் சாலையில் திரும்பும்போது என் உதடு தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குப் போடுவாரா, ஆறரைக்குப் போடுவாரா? சாப்பிடுவதற்கு எவ்வளவு முன்னால்? அவர் இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? நான் பல வருஷமாக அவரிடம் மீன் வாங்குகிறேன். வஞ்சிரம் புதுசா பழசா என்று கேட்டிருக்கிறேனே தவிர, நீ எப்போது சாப்பிடுவாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வைத்திக்குப்பத்துக்குள் நுழையும்போது ஆறு இருபது. படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், பொண்ணு பத்தாவது, என்று கேட்டதும் கையைக் காட்டினார். சந்துக்குள் ஸ்கூட்டி போகவில்லை, போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து புடவையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள். உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. தரையில் ஆரஞ்சு நிற மூடி போட்ட புது சிரிஞ்சு, காலியாக.

"வாங்க டீச்சரம்மா! என்னா இவ்ளோ தூரம்?"

"ஊசி போட்டாச்சாக்கா?"

"அப்பவே போட்டாச்சு, அர மணி ஆவுது. பாப்பா சந்தேகம் சந்தேகம்னுச்சு. நீங்க பாத்து டிக்கு போட்டுட்டீங்கன்னதும் எனக்கு நிம்மதியா பூடுச்சு. அம்பது கரெக்டா இழுத்துட்டேன்." சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கடற்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

சொம்பில் தண்ணீரை மொண்டு, பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, பாதியைக் கொட்டிக் கலக்கி நீட்டினேன். அவர் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னா இது, சக்கர! சக்கரக்காரிக்கு யாராவது சக்கர குடுப்பாங்களா? டாக்டரம்மா கண்டபடி திட்டுவாங்க."

"குடிக்கா!" என்று கத்தினேன். அந்தச் சந்தில் நாலு தலை எட்டிப் பார்த்தது. "மருந்து ஜாஸ்தியா பூடுச்சுக்கா. சக்கர எறங்கிடும். தப்பு எம்மேல. கேள்வி கேக்காம குடி!"

அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொம்பை அம்மாவின் வாயில் வைத்துப் பிடித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். ஏறும்போதே அந்த அம்மாவுக்குக் கால் தள்ளாடியது. வழியில் பேச்சு குழறியது. மார்க்கெட்டுக்கு நேரமாச்சு, ஐஸ் கரையுது, கூடையை எடு என்று ஏதேதோ சொன்னார். மகள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "அம்மா, என்னப் பாரு, முழுங்கு" என்று மிச்சக் குளுக்கோஸை விரலால் நாக்கில் தடவிக்கொண்டே வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எதை எண்ணினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், அவ்வளவுதான். அந்த முகம் கண்ணை மூடியபோதெல்லாம் என் எண்ணிக்கை நின்றுபோனது. பயந்து செத்தேன்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் உடனே விரலில் குத்திப் பார்த்தார்கள், ரத்தத்தில் சர்க்கரை ரொம்பவும் இறங்கியிருந்தது. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "உலைய எறக்கினியாடீ?" என்று மகளிடம் கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நின்றே பழகிய நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதுவும் தரையில்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். ஊசி மருந்து உடம்பில் ரொம்ப நேரம் வேலை செய்யும், அதனால் நாளைக்குக் காலைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். சீட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "இருபதுன்னு தெளிவா எழுதியிருக்கே. அம்பது யாரு போடச் சொன்னது?"

"நாந்தான் டாக்டர்" என்றாள் அந்தப் பிள்ளை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாந்தான் தப்பா கணக்குப் போட்டேன்."

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவும் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஊரில் நாலு பேர் பிள்ளைகளை அனுப்பும் இடம் என் வீடு. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் நான் பேசாமல்தான் இருந்தேன். அந்த ஒரு மூச்சை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு எழுந்து சொன்னேன். "இல்ல டாக்டர். பொண்ணு சரியாத்தான் சந்தேகப்பட்டுக் கேட்டா. முழுசா கேக்க வுடாம நாந்தான் அம்பதுனு சொன்னேன். நான் இவளோட கணக்கு டீச்சர்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. சீட்டில் இருந்த இருபதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருந்தாள் என்று அப்போதுதான் பார்த்தேன். "மிஸ், நாப்பதுக்கு இருவதுனா நூத்துக்கு அம்பதுதான? அப்பறம் எப்டி மிஸ் தப்பாச்சு?"

அந்த நேரத்திலும் அவளுக்குக் கணக்குதான். கைப்பையில் இருந்த ஒரு தாளில் இரண்டு சிரிஞ்சு வரைந்தேன். ஒன்றில் நாற்பது கோடு, இன்னொன்றில் நூறு கோடு. இந்த முறை வார்த்தைகளையும் எழுதினேன். பழைய மருந்து, புது மருந்து, கெட்டி, அம்மா, சாயந்திரம், எல்லாம். அவசரப்படாமல் எழுதினேன். மார்க்கு என்றால் மொத்தம் மாறும்போது நம் பங்கும் மாறும், மருந்தில் யூனிட் என்பது அளந்துவைத்த பொட்டலம் மாதிரி, பாட்டில் மாறினாலும் பொட்டலத்தின் எண்ணிக்கை மாறாது என்று சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் இடையில் மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் நின்று பதில் சொன்னேன்.

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கையை நீட்டித் தாளை வாங்கினார். படிக்கத் தெரியாது, எண் தெரியும். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ பழசுலயும் இருவது. புதுசுலயும் இருவது."

"ஆமாக்கா."

"இருவதுனா இருவதுதான டீச்சரம்மா" என்றார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இதுல கணக்கு எங்க வந்துச்சு?"